மனைவி அடித்த தகடு

குழாய்க்காரர் என்று பெயர் வாங்கிவிட்டதால் மாதத்துக்கு ஒருவராவது ஒழுகும் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யச் சொல்லி அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அவருடைய குழாய் வேறு. முழங்கை நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு மறுமுனையை, ஓடும் எஞ்சினின் கார்புரேட்டர் வாயில் பிடிப்பார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற உறுப்பு அது. இரண்டு கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில் இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். முன்னது எந்தச் சுருதியில் சீறுகிறதோ பின்னதும் அதே சுருதியில் சீற வேண்டும். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். வீட்டில் கூப்பிடுவது மட்டும் மூன்றாம் தடவைதான் கேட்கும்.

வயது ஐம்பத்தாறு. முப்பது வருடத்துக்கு மேலாக இதே தொழில். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. அதில் ஒரு கார் நிற்கும். இரண்டாவது வந்தால் தெருவில்தான். சுவரில் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தைப் பெயின்டால் வரைந்திருக்கிறார். ஒன்று காணாமல் போனால் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். பொருளை மறந்து வைப்பவர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது.

ஊரில் பழைய கார் வைத்திருக்கும் இருபது பேர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஞாயிறு காலையில் மைதானத்தின் ஓரமாக வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். குழாய்க்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வரிசையில் நடப்பார். தன் வண்டியருகே அவர் நிற்க மாட்டாரா என்று ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் அழுக்குச் சட்டை போட்டிருந்ததற்கு அந்த ஒரு மணி நேரம்தான் கூலி.

அவர் மனைவிக்கு மூன்று தெரு தள்ளி ஒரு தகட்டுப் பட்டறையில் வேலை. ரொட்டிக்கடை அடுப்புகளுக்குப் புகைக்கூண்டும் காற்றுப் பாதையும் செய்கிற இடம். இருபத்திரண்டு வருடமாகத் தகடு வெட்டுகிறார். கத்தரியை வைத்தால் கோடு பிசகாது என்று முதலாளியே வருகிறவர்களிடம் சொல்வாராம். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்ததில்லை. யாராவது கேட்டால், "அவ தகரக் கம்பெனில இருக்கா" என்று கணவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

சங்கத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவருடைய இரண்டு பேர் உட்காரும் திறந்த காருக்கு ஒரு வியாதி. ஓட்டிக்கொண்டே இருந்தால் ஓடும். சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் செல்ஃப் அடித்தால் கிளம்பாது. கார்புரேட்டர் இரண்டும் பழுக்கக் காய்ந்த புகைக் குழாய்க்கு நேர் மேலே இருக்கின்றன. ஓடும்வரை காற்று வீசும். நின்றால் அடியிலிருந்து அனல் ஏறி, உள்ளே நிற்கும் பெட்ரோல் கொதித்துப்போகும். அப்போதெல்லாம் டாக்டர் போன் செய்வார். குழாய்க்காரர் ஈரத்துணியோடு போவார். பானட்டைத் திறந்து, துணியைப் போர்த்தி, சுற்றி நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுவார். "மூச்சு வாங்குது. அரை மணி நேரம் விடுங்க. பழைய வண்டின்னா அப்படித்தான்." அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும். கூட்டம் அவரைப் பார்க்கும். பதினோரு வருடம் இப்படியே நடந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கார் கொட்டகையில் நின்றது. மனைவி டாக்டருக்குத் தண்ணீர் கொடுக்க வந்தார். செம்பைக் கொடுத்துவிட்டு, திறந்திருந்த பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கார்புரேட்டருக்கு அடியில் உள்ளங்கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்னங்க இது, அடுப்பு மேல பால் பாத்திரத்தை வச்ச மாதிரி இருக்கு. நாங்க அடுப்புக்கும் விசிறி மோட்டாருக்கும் நடுவுல ஒரு தகடு வச்சு மறைப்போம். இதுக்கு அது கிடையாதா?"

"இது அடுப்பு இல்லம்மா. கார்."

"அது தெரியுது. இந்த போல்ட்டு மட்டும் ஏன் இவ்வளவு நீளமா இருக்கு? ஒவ்வொண்ணுலயும் எதுக்கு மூணு மூணு வாஷர்?"

குழாய்க்காரர் பார்த்தார். டாக்டரும் குனிந்து பார்த்தார். கார்புரேட்டரைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தேவைக்கு மேல் விரலளவு நீண்டிருந்தன. மிச்ச இடத்தை வாஷர் அடுக்கி நிரப்பியிருந்தது. ஏதோ ஒன்று அங்கே இருந்து, எவனோ ஒருவன் எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறான். பதினோரு வருடத்தில் எட்டுத் தடவையாவது குழாய்க்காரர் அந்த வாஷர்களைக் கழற்றியிருப்பார். ஒவ்வொரு தடவையும் பெட்ரோலில் கழுவி, துடைத்து, அதே வரிசையில் திரும்ப மாட்டியிருக்கிறார். ஏன் மூன்று என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

"கம்பெனிலயே அப்படித்தான் வரும்" என்றார்.

டாக்டர் போனில் தேடி, அதே காரின் வேறொரு படத்தைக் காட்டினார். கார்புரேட்டருக்கும் புகைக் குழாய்க்கும் நடுவே பளபளவென்று ஒரு தகடு. ஹீட் ஷீல்டு என்று போட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் ஸ்பிரிங்கை மாட்ட அந்தத் தகட்டிலேயே இரண்டு காதுகள். டாக்டரின் வண்டியில் அந்த ஸ்பிரிங்குகளைக் கம்பியை வளைத்து இழுத்துக் கட்டியிருந்தது. கட்டியவர் யாரென்று அங்கிருந்த மூவருக்குமே தெரியும்.

"அக்கா," என்றார் டாக்டர், "இதே மாதிரி ஒண்ணு அடிச்சுத் தர முடியுமா?"

அதுவரை அந்த வீட்டில் அவர் 'அண்ணே' என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார். குழாய்க்காரர் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

ஒரு வாரம் வீட்டில் தகட்டைத் தவிர வேறு பேச்சு இல்லை. மனைவி செருப்பு டப்பாவின் அட்டையை வெட்டி அளவு எடுத்தார். அட்டையை மூன்று தடவை காரில் வைத்துப் பார்த்து, மூலையைச் செதுக்கினார். பிறகு ஒன்றரை மில்லி அலுமினியத் தகட்டை வெட்டி, விரலைக் கிழிக்காதபடி விளிம்பை மடித்து, அடுப்புக் கதவுக்கு வைக்கிற சூடு தாங்கும் அட்டையைக் கீழ்ப்பக்கம் ரிவிட் அடித்தார். காதுகளும் வைத்தார். டாக்டர் தினமும் சாயங்காலம் வந்து பார்த்தார். கொட்டகையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். "வணக்கம்ணே" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

கேஸ்கெட்டுகளையும் மனைவியே வெட்டினார். இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில் காற்று புகாமல் இருக்க வைக்கும் மெல்லிய அட்டை அது. எஞ்சின் மேல் ஒன்று, அதன் மேல் சூடு கடத்தாத கறுப்புக் கட்டை. கட்டையின் மேல் ஒன்று, அதன் மேல் தகடு. தகட்டின் மேல் ஒன்று, அதன் மேல் கார்புரேட்டர். ஒரு கார்புரேட்டருக்கு மூன்று, இரண்டுக்கு ஆறு. காகித உறையில் போட்டுக் கணவரிடம் கொடுத்தார். மாட்டுவது அவர் வேலையல்லவா.

அவர் ஐந்துதான் போட்டார்.

பின் கார்புரேட்டரில், கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே வைக்க வேண்டியதை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கணக்கு சுலபம். இடுக்கில் காற்று புகும். எஞ்சின் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கும், சீறும். 'தகடு ஒத்துக்கல டாக்டர், கழட்டிடலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஈரத்துணி காலம் திரும்பிவிடும்.

டாக்டரும் மனைவியும் பக்கத்தில் நிற்க, செல்ஃப் அடித்தார். நினைத்தபடியே எஞ்சின் ஏறி இறங்கியது. சீறியது.

"என்னண்ணே சத்தம் ஒரு மாதிரி இருக்கு?"

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கை ஏற்கெனவே திருகைத் தொட்டுவிட்டது. தன் கைக்கடியில் ஒரு எஞ்சின் பிசிறடிப்பதை அவரால் பொறுக்க முடியாது. முப்பது வருடப் பழக்கம். குழாயைக் காதில் வைத்தார். பின்னதில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினார், முன்னதில் காற்றைக் குறைத்தார். கால் மணி நேரத்தில் எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. நிமிர்ந்தபோதுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. தான் வெட்டிய குழியைத் தானே மூடி, மேலே சிமென்ட்டும் பூசியிருந்தார்.

டாக்டர் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து எஞ்சினை நிறுத்தினார். இருபது நிமிடம் காத்திருந்தார். சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

"அக்கா! கலக்கிட்டீங்க!"

அடுத்த ஞாயிறு மைதானத்தில் டாக்டர் காரைச் சுற்றித்தான் கூட்டம். குழாய்க்காரர் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். யாரும் திரும்பவில்லை. மனைவிக்குத் 'தகட்டக்கா' என்று பெயரும் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்பவர்கள் எல்லோரும் அக்கா இருக்காங்களா என்றே கேட்டார்கள். "எந்த அக்கா?" என்று ஒருவரை அவர் கேட்டேவிட்டார். வீட்டு போனை எடுப்பது கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் மகள். ஒவ்வொரு தடவையும் அவர் பாதி எழுந்திருப்பார். "உட்காருப்பா, அம்மாவுக்குத்தான்" என்பாள் மகள்.

முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் சலூன்காரர் முகத்தைப் படித்துவிட்டார்.

"என்னண்ணே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"தினம் ரெண்டு பேரு, மூணு பேரு வர்றாங்கப்பா. எல்லாம் ஆம்பளைங்க. வந்தா அவளைத்தான் கேக்கறாங்க."

கத்தரி நின்றது. சலூன்காரர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே... சந்தேகமா?"

"சந்தேகமா? அட போப்பா. பொறாமை."

"வர்றவங்க மேலயா?"

"அவ மேல!"

சலூன்காரர் கண்ணாடி வழியாக அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என் சர்வீஸ்ல இது புதுசு" என்று சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தார்.

ஆறாவது வாரம் டாக்டர் நீண்ட பயணம் போனார். போய் வர நானூறு கிலோமீட்டர். சூட்டில் விரிந்தும் சுருங்கியும், கேஸ்கெட் இல்லாத இடுக்கு அகன்றுவிட்டது. திரும்பும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் அலறியது, பின்பக்கப் புகைக் குழாயில் பட்டாசு மாதிரி வெடித்தது. தகடு வைத்த பிறகுதான் இப்படி என்று யாரோ சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். இன்னொருவர், அடுப்பு செய்கிறவர்களிடம் காரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று பதில் போட்டார். சாயங்காலத்துக்குள் தகடு கேட்டிருந்த நான்கு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலேயே கழற்றிப் பார்க்கலாம், எல்லோரும் இருக்கட்டும் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலையில் மனைவி பட்டறைக்கு லீவு சொன்னார். அவர் லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை. அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கூடத்துத் தரையில் படுக்கப் போட்டார். அதே அளவில் அடித்திருந்த இன்னொரு தகட்டை அதன் மேல் வைத்து, கோணல் இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். புரட்டிப் போட்டுப் பார்த்தார். ஸ்கேலால் ஒவ்வொரு துளையையும் அளந்தார். மகள் காபி கொடுத்தாள், ஆறிப்போனது. குழாய்க்காரர் கொட்டகைக்கும் கூடத்துக்கும் நடுவே நாலு தடவை நடந்தார்.

"எங்க பிசகுச்சுன்னே தெரியல" என்றார் மனைவி, தகட்டைப் பார்த்தபடியே. "நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். எனக்குத் தெரிஞ்சது அடுப்புதான். காரைத் தொட்டிருக்கக் கூடாது."

ஆறு வாரமாக அவர் காதுகள் காத்துக் கிடந்தது இந்தப் பேச்சுக்குத்தான். வந்தபோது வாயில் கசந்தது.

"தகடு சரியாத்தான் இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னும் கழட்டிக்கூடப் பாக்கலையே."

"பின்னாடி கார்புரேட்டர்ல ஒரு கேஸ்கெட் இல்ல."

"ஆறு கொடுத்தேனே."

"அஞ்சுதான் போட்டேன்."

மனைவியின் முகம் தெளிந்தது. பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார். "அப்பாடா. மறந்துட்டீங்களா? சொல்லக் கூடாதா, நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்."

தப்பிக்க வாசல் அகலத் திறந்து கிடந்தது. ஒரு 'ஆமா' போதும். ஆனால் 'மறந்துட்டீங்களா' என்று எந்த மனிதரிடம் கேட்கக் கூடாதோ அவரிடம் மனைவி கேட்டுவிட்டார்.

"மறக்கறதா? நானா? முப்பது வருஷத்துல ஒரு வாஷரை மறந்திருக்கேனா? என்னைப் பாத்தா மறக்கற ஆளு மாதிரியா இருக்கு? வேணும்னுதான் விட்டேன்!"



"அப்பா," என்றாள் மகள் மெதுவாக, "மறந்துட்டேன்னே சொல்லியிருக்கலாம்."

மனைவி கத்தவில்லை. தகட்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். "எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவர் சுவரில் சாய்ந்திருந்த தகட்டைப் பார்த்துச் சொன்னார். "அந்த வாஷரைப் பத்தி... டாக்டர் முன்னாடி கேட்டியே. பதினோரு வருஷமா நான் பாக்காததை."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எல்லாரும் உங்களைத்தான் தேடி வந்தாங்க. வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி கொடுத்தேன். ஒரு நாளாவது உங்க ஸ்பேனரை ஒளிச்சு வச்சேனா?"



ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் காரைச் சுற்றி இருபது பேரும் நின்றார்கள். குழாய்க்காரர் பின் கார்புரேட்டரைக் கழற்றினார். கட்டையின் மேல் தகடு உரசிப் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தது. தொண்டையைச் செருமினார். "தகட்டுல ஒரு தப்பும் இல்ல. நடுவுல ஒரு கேஸ்கெட்டு... நான் வைக்கல. அதாவது..."

"மறந்துட்டாருங்க" என்றார் மனைவி. எல்லோருக்கும் கேட்கும்படி, சிரித்த முகமாக. "வயசாகுதில்ல."

 சிரிப்பு வெடித்தது.

"குழாய்க்காரருக்கே மறதியா!"

"அண்ணே, வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்கா? யாராவது கூட்டிட்டுப் போய் விடணுமா?"

குழாய்க்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவியும் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தார். எந்த இடத்தில் அடித்தால் எவ்வளவு வளையும் என்று தெரிந்த கை அது. 'மறக்கல, வேணும்னுதான்' என்று கத்த வேண்டும்போல இருந்தது, தொண்டைவரை வந்தது. இருபது பேர். பெரிய மூச்சாக விட்டார்.

"ஆமா. மறந்துட்டேன்."

அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்லி வாங்கிக்கொண்டது இருபது பேரின் கேலி.

மனைவி உறையிலிருந்து புதுக் கேஸ்கெட்டுகளை எடுத்தார். "இந்தத் தடவை ஒண்ணொண்ணா தூக்கிக் காட்டி, சத்தமா எண்ணிட்டு மாட்டுங்க. மறதிக்கு அதான் மருந்து."

"ஒண்ணு" என்றார் அவர்.

"கேக்கல" என்றது பின்வரிசை.

"ஒண்ணு!"

கேஸ்கெட் சேர்ந்ததும் பழைய திருகு அளவெல்லாம் தப்பாகிவிட்டது. முதலிலிருந்து கேட்டுக் கேட்டு வைத்தார். அரை மணி நேரத்தில் எஞ்சின் அமைதியாக நின்று ஓடியது. நிறுத்தினார்கள், காத்திருந்தார்கள், சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. வேண்டாமென்று சொன்ன நான்கு பேரும் அங்கேயே திரும்பக் கேட்டார்கள். அக்காவிடம்தான்.

இப்போது மனைவி தகடு அடிக்கிறார், கணவர் மாட்டுகிறார். இரண்டு கார்புரேட்டர் வண்டிகள் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் மனைவி எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவார். அவர் கேஸ்கெட்டைத் தூக்கிக் காட்டி எண்ணுவார். வருகிறவர்கள் அதைத் தொழில் முறை என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். ஊரின் மறுகோடியில் இருக்கும் பட்டறையிலும் இப்போது இப்படி எண்ண ஆரம்பித்துவிட்டார்களாம். அதற்கு 'அக்கா முறை' என்று பெயராம். சலூன்காரர்தான் வந்து சொன்னார்.

குழாய்க்காரர் அன்று கொட்டகையில் ஒரு வண்டிக்குத் தகடு மாட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது.

"எண்ணறது யாரு? நான்! தொண்டை கிழியக் கத்தறது யாரு? நான்! அதுக்கு எப்படி அக்கா பேரு வரும்?"

"நியாயம்தான்" என்றார் மனைவி, ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "அந்தப் பட்டறைக்குப் போய், முதல்ல எதுக்காக எண்ண ஆரம்பிச்சேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. பேரை மாத்திடுவாங்க."

அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த கேஸ்கெட்டை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"ரெண்டு" என்றார், தெருக்கோடிவரை கேட்கும்படி.